கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு: ஹோட்டலும் பார்க்கிங்கும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூஸ் டிக்கெட் எடுத்தாயிற்று, கேபின் எண்ணும் வந்துவிட்டது என்றால் எல்லா ஏற்பாடும் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் கரையில் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. முந்தின இரவு எங்கே தங்குவது, காரை எங்கே விட்டுவிட்டுப் போவது? உறவுக்காரர்களும் நண்பர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கப்பல் ஏறப்போகும் காலையை நினைத்துத்தான் ஹோட்டலும் பார்க்கிங்கும் தேடுகிறார்கள். நான் இறங்கி வரும் காலையை நினைத்துத் தேடச் சொல்வேன். ஏறும் நாளில் எந்தச் சிரமமும் பெரிதாகத் தெரியாது. இறங்கும் நாளில் தூக்கம் குறைவு, பெட்டிகள் அதிகம், அதற்கு மேல் வீடு வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டும்.

கப்பல் சாயங்காலம்தானே கிளம்புகிறது? அன்று காலையே வீட்டிலிருந்து புறப்பட்டால் போதாதா?

கப்பல் 4 மணிக்கோ 5 மணிக்கோ கிளம்பும். ஏறும் வாசல் அதற்கு வெகு முன்பே அடைபட்டுவிடும். கிளம்புவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே செக்-இன் மூடுவது பெரும்பாலான கம்பெனிகளின் வழக்கம். அமெரிக்கத் துறைமுகங்களில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. பயணிகளின் பெயர்ப் பட்டியல், கப்பல் கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போதே எல்லைப் பாதுகாப்புத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பட்டியல் போன பிறகு மூச்சிரைக்க ஓடி வந்து நின்றால், கவுண்டரில் இருப்பவருக்கு மனம் இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். சில பயணங்களில் முடியும். சிலவற்றில் முடியவே முடியாது. அமெரிக்காவில் 1886-இல் போட்ட ஒரு சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால்தான் விலக்கு. குரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுபவை என்பதால் இந்தச் சட்டம் நேராக நம் மேல் வந்து விழுகிறது. சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா சுற்றிச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பலைத் தவறவிட்டவர், விமானம் பிடித்து அலாஸ்காவின் ஜூனோவில் போய் ஏற நினைக்கிறார் என்று வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அவர் ஜூனோவில் ஏறிச் சியாட்டிலில் இறங்குபவர். வழியில் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நின்றாலும் அது 'பக்கத்துத் துறைமுகம்' என்ற கணக்கில் வருவதால் உதவாது. அவரை ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

அதனால் விமானத்தில் வருபவர்கள் முந்தின நாளே வந்துவிடுங்கள். பனிக்காலத்தில் இணைப்பு விமானம் மாறி வருவதானால் இரண்டு நாள் முன்பே வருவது நல்லது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் வீடு இருக்கிறது, போய்ச் சேர ஒன்றுக்கு இரண்டு சாலை இருக்கிறது என்றால் அன்று காலையே கிளம்பலாம். அதற்காக ஹோட்டல் செலவு தேவை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே பாலம், ஒரே நெடுஞ்சாலை என்று மாட்டிக்கொள்ளும் பாதையானால் முந்தின இரவே போய்விடுங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊரில் ஹோட்டல் எடுத்தால் சரிதானே?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைக்கான ஊர்ப்பெயர். கப்பல் நிற்கும் ஊர் வேறாக இருக்கலாம். 'ரோம்' என்றால் சிவிதாவெக்கியா, ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 'லண்டன்' என்றால் பெரும்பாலும் சவுத்தாம்டன், சுமார் 130 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆர்லாண்டோவுக்குப் போர்ட் கனாவரல், ஹூஸ்டனுக்குக் கால்வெஸ்டன் என்று போய்க்கொண்டே இருக்கும்.

வெனிஸ் இன்னும் குழப்பமானது. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஜுடெக்கா கால்வாய் வழியாக நகரத்தைத் தொட்டுக்கொண்டு போகத் தடை வந்துவிட்டது. அதன் பிறகு வெனிஸ் பெயரில் விற்கும் சில பயணங்கள் ராவென்னாவிலும் திரியெஸ்தேயிலும் தொடங்குகின்றன. இரண்டுமே வெனிஸிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊரைச் சுற்றிப் பார்க்க வெனிஸில் இரண்டு நாள் தங்குங்கள், அருமையான ஊர். கடைசி இரவை மட்டும் கப்பல் இருக்கும் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊர் சரியாக இருக்கிறது. டெர்மினல் பெயரையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஹோட்டல் தேடுவதற்கு முன்னாலேயே பாருங்கள். சவுத்தாம்டனில் ஐந்து டெர்மினல்கள். ஓஷன், குயின் எலிசபெத் II இரண்டும் கிழக்குத் துறையில். சிட்டி, மேஃப்ளவர், ஹொரைசன் மூன்றும் மேற்கில். நுழையும் வாசலே வேறு. நியூயார்க் என்றால் மன்ஹாட்டனா, புரூக்ளினா, ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் இருக்கும் பேயோனா என்று கேட்க வேண்டும். சியாட்டிலில் பியர் 66 நகர மையத்திலேயே இருக்கிறது, பியர் 91 வடக்கே தள்ளி. சிங்கப்பூரில் மரீனா பே குரூஸ் சென்டரும் ஹார்பர்ஃபிரன்ட் பக்கமிருக்கும் டெர்மினலும் வேறு வேறு. சிட்னியில் ஹார்பர் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாத உயரமான கப்பல்கள் சர்க்குலர் கீயில் நிற்கும். மற்றவற்றில் பல, பாலத்தைத் தாண்டி வைட் பேக்குப் போகும்.

'துறைமுகத்துக்கு ஐந்து நிமிடம்' என்று ஹோட்டல் விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்த டெர்மினலுக்கு என்று கேளுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு டெர்மினல் பெயரை இன்னொரு தடவை சரிபாருங்கள். நிறுத்துமிடத்தைத் துறைமுகம் மாற்றுவதுண்டு.

முதலில் ஹோட்டலைப் பதிவு செய்வதா, பார்க்கிங்கையா?

காரில் போகிறீர்கள் என்றால் பார்க்கிங்கைத்தான் முதலில் முடிவு செய்யுங்கள். ஹோட்டலில் நீங்கள் இருக்கப்போவது பன்னிரண்டு மணி நேரம். கார் நிற்கப்போவது ஏழு நாளோ பத்து நாளோ பதினைந்து நாளோ. அறை கொஞ்சம் சுமாராக இருந்தால் ஒரு ராத்திரியோடு போயிற்று. கார் தப்பான இடத்தில் நின்றால் அதன் பலன் முழுவதும் திரும்பி வரும் அன்று ஒரே தடவையில் தெரியும்.

காருக்கு மூன்று வழிகள் உண்டு. துறைமுகமே நடத்தும் பார்க்கிங், வெளியார் நடத்தும் பார்க்கிங், ஹோட்டலே காரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கார் எங்கே நிற்கும் என்பது முடிவானால், எந்த ஹோட்டல் என்பது தானாகச் சுருங்கிவிடும்.

துறைமுகப் பார்க்கிங் விலை அதிகமாகத் தெரிகிறதே, அதற்குத் தகுந்த பலன் உண்டா?

என் பார்வையில், ஒரு வாரம் வரைக்குமான பயணத்துக்கு உண்டு. இறங்குகிறீர்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கிறீர்கள், கார் நிற்கிறது. யாருக்கும் போன் செய்ய வேண்டாம், எந்த வண்டிக்கும் காத்திருக்க வேண்டாம். சின்னக் குழந்தையோ, நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோ கூட இருந்தால் நான் வேறெதையும் யோசிப்பதே இல்லை.

கணக்குப் பார்க்கும்போது ஒரு விஷயம். 7 இரவுப் பயணம் என்றால் 7 நாள் வாடகை என்று போட்டுவிடாதீர்கள். காலண்டர் நாள் கணக்கு வைத்திருக்கும் இடங்களில் சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை எடுத்தால் 8 நாள். விட்ட நாளும் ஒன்று, எடுத்த நாளும் ஒன்று. 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில், மதியம் 12-க்கு விட்டு அடுத்த வாரம் காலை 9-க்கு எடுத்தால் 7 நாள்தான். விலைப் பட்டியலில் 'ஒரு நாள்' என்று இருப்பதன் அர்த்தம் இரண்டிடத்திலும் வேறு என்பது தெரிந்தால்தான் ஒப்பிடவே முடியும். சில இடங்களில் வரியைத் தனியாகவும் சேர்ப்பார்கள்.

இன்னொன்று உயரம். மாடி பார்க்கிங்குகளில் பல, சுமார் 2 மீட்டர் உயரத்துக்கு மேலான வண்டியை விடாது. காரின் தலையில் பெட்டி கட்டிக்கொண்டு வருபவர்கள் வாசலில் தொங்கும் உயரக் கம்பியின் முன்னால் நின்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன், பின்னால் இருபது கார்கள் ஹாரன் அடிக்க. பதிவு செய்யும்போதே உயர வரம்பைப் பாருங்கள். முன்பதிவு வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், நாலைந்து கப்பல் ஒரே நாளில் கிளம்பும் துறைமுகங்களில் இடம் தீர்ந்துபோகும்.

ஓர் இரவு தங்கினால் கப்பலில் இருந்து திரும்பும் வரை காரை விடலாம் என்று ஹோட்டல்கள் பேக்கேஜ் தருகின்றன. நல்லதா?

நல்ல பேக்கேஜ் கிடைத்தால் இதைவிடச் சௌகரியம் இல்லை. அறை, பார்க்கிங், டெர்மினலுக்கு வண்டி எல்லாம் ஒரே பில்லில் முடிந்துவிடும். மோசமான பேக்கேஜ் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தும் இருக்கிறேன், சொல்கிறேன்.

ஒரு தடவை நாங்கள் நால்வர் அப்படி ஒரு ஹோட்டலில் தங்கினோம். முந்தின இரவு காரை ஹோட்டல் வாசலிலேயே விட்டோம், விளக்கும் கேமராவும் இருந்தன, திருப்தியாக இருந்தது. பத்து நாள் கழித்து வந்தால் அந்த இடத்தில் வேறு கார். வரவேற்பில் இருந்த பையன் நிதானமாகச் சொன்னான்: "நீண்ட நாள் வண்டிகளை எங்களுடைய இன்னொரு இடத்துக்கு மாற்றிவிடுவோம்." அந்த இன்னொரு இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த மண் தரை. சாவியைக் கொண்டுவரப் போனவர் திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. மழை பெய்து காரின் பாதிச் சக்கரம் வரை சேறு அப்பியிருந்தது. என் மாமியார் வரவேற்பறையில் பெட்டி மேலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார். காருக்குச் சேதம் இல்லை, ஏமாற்றும் இல்லை. பதிவு செய்த தாளின் கீழே சின்ன எழுத்தில், 'வளாகத்துக்கு வெளியே நிறுத்தப்படலாம்' என்று இருந்தது. நான் படிக்கவில்லை.

அன்றிலிருந்து பேக்கேஜ் எடுக்கும் முன் ஹோட்டலுக்கு நானே போன் செய்து கேட்கிறேன். கார் முழு நாளும் இதே வளாகத்தில்தான் நிற்குமா? சாவி என்னிடமா, உங்களிடமா? எத்தனை நாள் வரைக்கும் சேர்த்து, கூடினால் நாளுக்கு எவ்வளவு? டெர்மினல் வண்டி போக மட்டுமா, வரவும் உண்டா? ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமா? கேட்டுக்கொண்ட பதிலை ஈமெயிலில் ஒரு வரி அனுப்பச் சொல்கிறேன். தயங்காமல் அனுப்பும் ஹோட்டல்களில் எனக்கு இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

பேக்கேஜ் எடுக்காமல் அறையை மட்டும் தனியாகப் போட்டால் என்ன விலை, அருகிலுள்ள பார்க்கிங்கைத் தனியாகப் போட்டால் என்ன விலை என்று கூட்டிப் பாருங்கள். சில நேரம் பேக்கேஜில் அறையின் விலை ஏற்றப்பட்டு, 'இலவச' பார்க்கிங் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். நாலு இரவுக் குட்டிப் பயணங்களில் தனித்தனியாகப் போடுவது பெரும்பாலும் மலிவு. இரண்டு வாரப் பயணத்தில் பேக்கேஜ் ஜெயிக்கும்.

ஹோட்டலின் இலவச ஷட்டில் வண்டியை நம்பலாமா?

போகும்போது நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. இரவு செக்-இன் செய்யும்போதே மறுநாள் எந்த நேர வண்டி என்று பெயர் எழுதிவிடுங்கள். பதினான்கு பேர் உட்காரும் வேன் என்றால் பெட்டிகளோடு பத்துப் பேர்தான் ஏற முடியும். ஹோட்டலில் எண்பது பேர் அதே கப்பலுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். எல்லோருக்கும் 10:30 வண்டிதான் வேண்டும். காலை எழுந்து பெயர் கொடுக்கப் போனால் மதியம் 1 மணி வண்டி கிடைக்கும்.

திரும்பும்போது நிலைமையே வேறு. இப்போதைய பெரிய கப்பல்களில் 5,000 பேருக்கு மேல் வருகிறார்கள். எல்லோரும் காலை 7-லிருந்து 10-க்குள் இறங்குகிறார்கள். வேன் அதே ஒரு வேன்தான். ஷட்டில் இலவசமாக இல்லாமல் ஆளுக்குக் கட்டணம் வாங்குவதானால், நால்வருக்கு டாக்ஸிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வராது. டாக்ஸியில் போய்விடுங்கள்.

நகர மையத்தில் தங்குவதா, விமான நிலையத்துக்குப் பக்கத்திலா, துறைமுகத்துக்குப் பக்கத்திலா?

காரில் வராதவர்களுக்கு நான் நகர மையத்தைத்தான் சொல்வேன். ஒரு மாலைப்பொழுது கிடைக்கிறது, ஊரைக் கொஞ்சம் நடந்து பார்க்கலாம். வான்கூவரின் கனடா பிளேஸ், சிட்னியின் சர்க்குலர் கீ போன்ற இடங்களில் டெர்மினலே நகர மையத்தில் இருப்பதால் ஹோட்டலிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். பார்சிலோனாவில் பெரிய கப்பல்கள் நிற்கும் துறை, ரம்ப்லா சாலையின் முனையில் இருக்கும் கொலம்பஸ் தூணிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போக வேண்டிய இடம். பெட்டிகளோடு நடக்கும் தூரம் இல்லை, ஆனால் டாக்ஸியில் கொஞ்ச நேரம்தான்.

காரோடு வருபவர்களுக்கு நகர மையம் தலைவலி. அங்கே அறை வாடகைக்கு மேல் ஓர் இரவு பார்க்கிங்குக்குத் தனியாக வாங்குவார்கள். பல ஹோட்டல்களில் வேலட் மட்டுமே, நாமே போய் நிறுத்தும் வசதி கிடையாது. காலையில் கார் வேண்டும் என்றால் அரை மணி முன்பே சொல்லி வைக்க வேண்டும். காரோடு வந்தால் நெடுஞ்சாலையை ஒட்டி, துறைமுகத்துக்கு இருபது நிமிடத் தொலைவில், சொந்தத் திறந்தவெளிப் பார்க்கிங் உள்ள ஹோட்டலைத்தான் நான் தேடுவேன்.

விமான நிலைய ஹோட்டல், இரவு பத்து மணிக்கு மேல் வந்து இறங்குபவர்களுக்கு. ஃபோர்ட் லாடர்டேல் மாதிரி விமான நிலையமும் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகமும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வியே எழாது.

செக்-அவுட் 11 மணிக்கு, கப்பல் ஏறும் நேரம் 2 மணிக்கு. நடுவில் என்ன செய்வது?

ஹோட்டலில் பெட்டிகளை வைத்துக்கொள்ளக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். தாமதமாகச் செக்-அவுட் செய்ய முந்தின இரவே கேளுங்கள், அறை காலியாக இருந்தால் ஒரு மணி நேரமாவது கொடுப்பார்கள்.

கார் டெர்மினல் பார்க்கிங்குக்குப் போகிறதென்றால் இப்படிச் செய்யுங்கள்: முதலில் டெர்மினல் வாசலில் நிறுத்திக் குடும்பத்தையும் பெட்டிகளையும் இறக்குங்கள். கப்பல் கம்பெனியின் டேக் கட்டிய பெரிய பெட்டிகளைப் போர்ட்டரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒருவர் மட்டும் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வரட்டும். டேக்கை வீட்டிலேயே அச்சடித்துக்கொண்டு வாருங்கள். போர்ட்டர் எடுத்துப் போகும் பெட்டி கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, கார் சாவி மூன்றும் அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது.

வெளியார் பார்க்கிங் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?

நல்ல இடங்களும் உண்டு. ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். விமர்சனங்களைப் படிக்கும்போது காரை விட்ட அன்றே எழுதியவற்றைத் தள்ளிவிடுங்கள், அவர்கள் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார்கள். திரும்பி வந்து எழுதியவர்கள் எத்தனை நேரம் காத்திருந்தார்கள், கார் எப்படி இருந்தது என்று சொல்கிறார்களா, அதைத் தேடுங்கள். முகவரியை வரைபடத்தில் போட்டு, சுற்றுச்சுவரோ வேலியோ தெரிகிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். பிரிட்டனில் 'பார்க் மார்க்' என்று, போலீஸ் தரப்பின் பாதுகாப்பு ஆய்வில் தேறிய பார்க்கிங்குகளுக்கு ஓர் அடையாளம் தருகிறார்கள். அங்கே போவதானால் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

டெர்மினல் வாசலிலேயே காரை வாங்கிக்கொண்டு போகும் சேவையானால், கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஓடிய கிலோமீட்டர் காட்டும் டேஷ்போர்டையும் பெட்ரோல் அளவையும் சேர்த்து ஒரு படம். வாங்குபவர் முன்னாலேயே எடுங்கள். அவர் தவறாக நினைக்க மாட்டார். தினமும் பார்ப்பதுதான்.

பதினைந்து நாள் அப்படியே நின்றால் பேட்டரி இறங்கிவிடாதா?

நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி இரண்டு வாரம் தாங்கும். நாலைந்து வருடம் ஓடிய பேட்டரியானால் கிளம்பும் முன் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இது இன்னும் முக்கியம். டேஷ்கேமராவின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், நின்ற வண்டியிலும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும் சாமான் அது. இறங்கிப்போன பேட்டரியிலும் வண்டியைக் கிளப்ப உதவும் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை டிக்கியில் போட்டுவைத்தால் நிம்மதி. மின்சாரக் காரானால் பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து விடுங்கள், கேமராவால் சுற்றும் முற்றும் கண்காணிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பார்க்கிங்கில் சார்ஜர் இருக்கும், வந்து போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு வைக்காதீர்கள்.

காரே இல்லாமல் போவது மேலா?

பயணம் ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடிகிறதென்றால் நிச்சயமாக. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சூவர்டிலோ விட்டியரிலோ இறங்கும் பயணங்கள் உண்டு. காரை வான்கூவரில் விட்டால் அதை எடுக்க மறுபடி அங்கேதான் வர வேண்டும்.

போன இடத்திலேயே திரும்பும் பயணமானால், ஒரு வழி வாடகைக் காரை யோசியுங்கள். வீட்டருகே எடுத்து, துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிளையில் விட்டுவிடலாம். பத்து நாளுக்கு மேலான பயணங்களில் இது பார்க்கிங்கைவிட மலிவாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். கிளை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதை மட்டும் கேளுங்கள், பல கப்பல்கள் வார இறுதியில்தான் கிளம்புகின்றன. ரயில் வசதியுள்ள ஊர்களில் ரயிலே போதும். ரோமிலிருந்து சிவிதாவெக்கியாவுக்கும் லண்டனிலிருந்து சவுத்தாம்டனுக்கும் நேரடி ரயில் உண்டு.

கப்பல் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பாமல் போனால் காரின் கதி?

அபூர்வம், ஆனால் நடக்கிறது. 2024 மார்ச் 26-ஆம் தேதி அதிகாலை பால்டிமோரில் ஒரு சரக்குக் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்து விழுந்தது. பாலத்தில் சாலை வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். துறைமுகத்தின் வாய் அடைபட்டது. அப்போது பால்டிமோரிலிருந்து கிளம்பிக் கடலில் இருந்த குரூஸ் கப்பல்கள் வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்குத் திரும்பின. பயணிகளின் கார்கள் பால்டிமோர் பார்க்கிங்கிலேயே நின்றன. கப்பல் கம்பெனிகள் பஸ் வைத்து எல்லோரையும் பால்டிமோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பல மணி நேரப் பயணம் அது.

இவ்வளவு பெரிய விபத்து வேண்டாம், புயலுக்கும் மூடுபனிக்குமே கப்பல் தாமதமாகும். கால்வெஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் கடல் மூடுபனி இறங்கினால் கப்பல்கள் வெளியே காத்து நிற்கும். பார்க்கிங் எடுக்கும்போதே, திரும்பும் தேதி தள்ளிப்போனால் கூடுதல் நாளுக்கு என்ன கட்டணம், அபராதம் ஏதும் உண்டா என்று கேட்டுவையுங்கள். இரவில் அலுவலகம் மூடும் பார்க்கிங்கானால், மூடிய பிறகு வந்தால் சாவியை யார் தருவார் என்பதையும் கேளுங்கள்.

இறங்கிய அன்றே நீண்ட தூரம் ஓட்டி வீட்டுக்குப் போகலாமா?

நாலு மணி நேரத்துக்குள் என்றால் போகலாம். அதற்கு மேல் என்றால், இரண்டாவது ஆள் மாற்றி ஓட்ட இல்லாவிட்டால், இன்னோர் இரவு தங்குங்கள். இறங்கும் நாள் அதிகாலையிலேயே அறிவிப்புகள் தொடங்கிவிடும், யாரும் நன்றாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்த இரவுக்குத் துறைமுக ஊர் வேண்டாம், வீட்டுப் பாதையில் பாதித் தூரத்தில் இருக்கும் ஊர் போதும்.

காரை விட்ட இடம், சாவி, சீட்டு இவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது?

காரை நிறுத்தியதும் பக்கத்துத் தூணில் இருக்கும் மாடி எண்ணையும் வரிசை எழுத்தையும் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். பார்க்கிங் சீட்டைக் காரில் விடாமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சாவியோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, கேபினில் இருக்கும் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். வெளியார் பார்க்கிங்கின் போன் எண்ணை அந்தக் கவரின் மேலேயே பேனாவால் எழுதிவைப்பேன், திரும்பும் அன்று காலை போனில் சார்ஜ் இல்லாமல் போனாலும் உதவும்.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டிக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை கரையில்தான் அவை திரும்பக் கிடைக்கும். அந்தப் பெட்டிகளை வெளியே தள்ளுவதற்கு முன்னால் பெட்டகத்தைத் திறந்து, கவரை எடுத்துத் தோள்பையின் உள்பக்க ஜிப்பில் போட்டு மூடிவிடுங்கள்.